பழைய ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கலாமா?

நான் இன்னும் 2008-இல் வந்த நிக்கான் டி700-ஐத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இது ஃபுல் ஃபிரேம், அதாவது ஒளியைப் பிடிக்கும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் பெரியது. 12.1 மெகாபிக்சல்தான். சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட அது தாராளம். ஆனால் வீடியோ கிடையாது; அது வேண்டுமென்றால் இதை மறந்துவிடுங்கள்.

முதலில் கையிலிருக்கும் லென்ஸைப் பாருங்கள். சின்ன சென்சாருக்கென்று செய்த டிஎக்ஸ் லென்ஸை மாட்டினால் டி700 படத்தை வெட்டி 5 மெகாபிக்சலாக்கிவிடும். புது லென்ஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், கேமராவைவிட அதுதான் காசைத் தின்னும்.

சரி, பார்க்கப் போகும்போது காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு கொண்டுபோங்கள். எஸ்டி கார்டு நுழையாது. ஒரு படம் எடுத்தால் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற கணக்கு அந்த ஃபைலிலேயே இருக்கும். நிக்கான் சோதித்தது 1,50,000 வரை. தாண்டியதும் செத்துவிடாது, விலையைக் குறைத்துப் பேசலாம்.

அப்புறம் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான புள்ளி என்றால் பெரும்பாலும் சென்சார் மேல் தூசி, துடைத்தால் போகும். துடைத்தும் போகாத கோடு என்றால் கீறல். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முதல் கேமராவை இப்படிப் பார்க்காமல் வாங்கி, ஆறு மாதம் எல்லா வானத்திலும் ஒரே கோட்டை அழித்துக்கொண்டிருந்தேன்.