பில்லி ஹாலிடேயை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? ஜாஸுக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பெயரைச் சொன்னாலே கூடவே ஒரு சோகக் கதையும் வந்துவிடும்: வறுமை, போதைப்பொருள், சிறை, 44 வயதில் மரணம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கதையோடு கேட்க உட்கார்ந்தால் ஒவ்வொரு பாட்டிலும் அழுகையைத்தான் தேடுவோம். அவர் எவ்வளவு கெட்டிக்காரப் பாடகி என்பது காதில் விழாமலே போய்விடும். அதனால் இந்த வரிசையில் பாட்டு முன்னால் போகும், வாழ்க்கை பின்னால் வரும். இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

படி 1: ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்

பல பாட்டுகளை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவு செய்திருக்கிறார். 1930களின் குரலும் 1950களின் குரலும் ஒரே ஆளுடையதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேறு வேறு. யூடியூபில் பாட்டின் பெயரோடு ஆண்டையும் அடியுங்கள். இன்னொன்று: ஆரம்பகால இசைத்தட்டுகள் பல, பியானோ கலைஞர் டெடி வில்சனின் குழுப் பெயரில் வெளிவந்தவை. பில்லியின் பெயர் முன்னால் இல்லையே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 2: 1935இல் தொடங்குங்கள்

முதல் பாட்டு "வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ". பதிவான நாள் 1935 ஜூலை 2. அப்போது அவருக்கு வயது 20. ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, பால்டிமோரில் வளர்ந்து, பதின்வயதில் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைய வாழ்ந்த ஹார்லெம் பகுதிக்கு வந்தவர். அங்கே சின்னச் சின்ன கிளப்களில் பாடிக்கொண்டிருந்தவரை 1933இல் ஜான் ஹாமண்ட் என்ற தயாரிப்பாளர் கேட்டு, கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவோடு முதன்முதலாகப் பதிவு செய்யவைத்தார். 1935 இசைத்தட்டுகள், காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை நம்பி வேகமாகப் பாடி முடித்தவை. பாடியதற்கு ஒரே தடவை கூலி, அவ்வளவுதான். ராயல்டி கிடையாது.

முதல் தடவை சும்மா கேளுங்கள். குரல் உடனே வராது, குட்மனின் கிளாரினெட் முடியட்டும். இரண்டாவது தடவை மேசையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிக்கொண்டே கேளுங்கள். சொற்கள் உங்கள் விரல்தட்டலின் மேல் அப்படியே விழாமல் கொஞ்சம் பிந்தி விழுவது தெரியும். பேருந்து நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து, மூச்சுகூட வாங்காமல் ஏறிக்கொள்கிற ஆளைப் போல, வரி முடிவதற்குள் அவர் சரியாக வந்து சேர்ந்துவிடுவார். தாளம் தவறியதே இல்லை.

மூன்றாவது தடவை மெட்டைக் கவனியுங்கள். அவருடைய குரல் எட்டும் எல்லை சிறியது, ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல். அதனால் மேலும் கீழும் தாவுகிற மெட்டை நாலைந்து சுரங்களுக்குள் சுருக்கி, பேசுவதுபோல் ஆக்கிவிடுவார். ட்ரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங், ப்ளூஸ் (கறுப்பின மக்களின் சோகம் கலந்த பாட்டு வகை) பாடகி பெஸ்ஸி ஸ்மித் இருவரின் இசைத்தட்டுகளும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். என்னைக் கேட்டால், இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: கூட வரும் சாக்ஸஃபோனைப் பிடியுங்கள்

அடுத்து 1937இன் "மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ". குரலுக்குப் பின்னால் ஓடும் டெனர் சாக்ஸஃபோன் லெஸ்டர் யங்குடையது. பில்லிக்கு "லேடி டே" என்று பெயர் வைத்தவர் இவர்தான். பதிலுக்கு பில்லி வைத்த பெயர் "பிரெஸ்", அதாவது பிரசிடென்ட். இந்தத் தடவை பாட்டை விட்டுவிட்டு சாக்ஸஃபோனை மட்டும் பின்தொடருங்கள். பில்லி மூச்சுவிடும் இடத்தில் அவர் பேசுவார், சில இடங்களில் இருவரும் சேர்ந்தே பேசுவார்கள். யார் யாருக்குத் துணை என்றே தெரியாது.

படி 4: இப்போது கொஞ்சம் வாழ்க்கை

1937இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவிலும், 1938இல் ஆர்ட்டி ஷாவின் ஜாஸ் குழுவிலும் பில்லி பாடினார். ஷாவினுடையது வெள்ளையர் குழு. அதில் ஒரு கறுப்பினப் பெண் பாடுவது அன்று சாதாரண விஷயமல்ல. தெற்கு மாநிலங்களில் பட்ட அவமானம் போதாதென்று, நியூயார்க்கிலேயே ஒரு ஹோட்டலில் அவரைச் சரக்கு லிஃப்டில் போகச் சொன்னார்கள். அந்த ஆண்டே குழுவை விட்டு விலகினார்.

படி 5: "ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்", 1939

இதை வேறு பாட்டுகளோடு சேர்த்துக் கேட்காதீர்கள். கறுப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றிய பாட்டு இது. எழுதியவர் ஏபல் மீரோபோல், நியூயார்க்கின் பள்ளி ஆசிரியர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரக்கூடிய கஃபே சொசைட்டி கிளப்பில் பில்லி இதைக் கடைசியாகத்தான் பாடுவார். பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், விளக்குகள் அணையும், முகத்தில் மட்டும் ஒளி. அவருடைய இசைத்தட்டு கம்பெனியான கொலம்பியா இதைப் பதிவு செய்ய மறுத்ததால் கமோடோர் என்ற சிறு நிறுவனம் பதிவு செய்தது. தட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான், தள்ளிவிடாதீர்கள். குரல் வந்ததும் கவனியுங்கள்: எங்கேயும் அழவில்லை, கத்தவில்லை.

படி 6: அதே தட்டின் மறுபக்கம்

மறுபக்கத்தில் இருந்தது "ஃபைன் அண்ட் மெல்லோ" என்ற ப்ளூஸ். அதைக் கேட்டுவிட்டு, 1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அவர் அதே பாட்டைப் பாடிய காட்சியைத் தேடிப் பாருங்கள்.

நடுவில் போன 18 ஆண்டுகளில் நிறைய நடந்துவிட்டது. 1947இல் போதைப்பொருள் வழக்கு, மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் சிறை. வெளியே வந்த கையோடு 1948 மார்ச் 27இல் அவர் பாட, நியூயார்க்கின் பெரிய அரங்கான கார்னெகி ஹால் நிரம்பி வழிந்தது. ஆனால் மது விற்கும் நியூயார்க் கிளப்களில் பாடத் தேவையான போலீஸ் அனுமதி அட்டை பறிபோயிருந்தது. பெரிய அரங்கில் பாடலாம், தெருமுனை கிளப்பில் பாடக்கூடாது! வருமானமும் பழக்கப்பட்ட மேடையும் அப்படித்தான் போயின.

அந்த 1957 காட்சியில் சாக்ஸஃபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர் வாசித்து முடித்ததும் லெஸ்டர் யங் எழுந்து வருவார். ஒரே ஒரு சுற்று, ரொம்பக் குறைவான சுரங்கள். அப்போது லெஸ்டரைப் பார்க்காதீர்கள், பில்லியின் முகத்தைப் பாருங்கள்.

படி 7: "லேடி இன் சாட்டின்"

1958இல், இசை அமைப்பாளர் ரே எல்லிஸின் வயலின் கூட்டத்தோடு பதிவான ஆல்பம். பலரும் புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குரல் கரகரத்து உடைந்திருக்கும். முதல் ஆறு படிகளையும் கேட்டவருக்குத்தான் இதில் எது போயிற்று, எது அப்படியே இருக்கிறது என்பது பிடிபடும். "ஐ'ம் எ ஃபூல் டு வான்ட் யூ" ஒன்றை மட்டும் முதலில் போடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் பரவாயில்லை, 1944இன் "லவர் மேன்" இருக்கிறது. அதிலும் வயலின்கள் உண்டு, குரல் முழுசாக இருக்கும்.