கம்பி கட்டும் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வீட்டுக்கு ஸ்லாப் போடும் இடங்களில் நான் கம்பி கட்டுகிறேன். புதிதாக வரும் பையன்கள் கேட்பது, "அண்ணா, ரொம்ப கனம் தூக்கணுமா?" என்றுதான். தூக்கத்தான் வேண்டும். 12 மீட்டர் நீள 12 எம்எம் கம்பி ஒன்று கிட்டத்தட்ட 10.7 கிலோ; 16 எம்எம் என்றால் 19 கிலோ. (எம்எம் அளவை அதே அளவால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.) ஆனால் ஆளைச் சாய்ப்பது கனம் இல்லை, குனிவு.

ஸ்லாப்பில் நாள் முழுக்கக் காலடியில்தான் வேலை. முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் கட்டினால் சாயங்காலம் நிமிர முடியாது. குத்தவைத்து உட்கார்ந்தபடியே நகர்ந்து பழகுங்கள். தொடை வலி சில நாளில் போய்விடும். இடுப்பு வலி அப்படிப் போகாது.

அடுத்தது கொக்கி. கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து, கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் அடியில் மூலைவாக்கில் விட்டு, கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டே முறுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கட்டு தளரும். அதிகம் முறுக்கினால் அறுந்துவிடும். அடுத்தடுத்த கட்டுகளை எதிரெதிர் சாய்வில் போட்டால் விரித்த கம்பி நகராது. மணிக்கட்டுதான் சுழல வேண்டும், தோள் இல்லை. கட்டின வாலை உள்ளே மடக்கிவிடுங்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வெளியே நீட்டின வாலில்தான் முதலில் துரு ஏறும்.

என்னோடு நிற்கும் பையன்களை முதலில் ரிங் (தூண், பீம் கம்பிகளைச் சுற்றிப் போடும் வளையம்) வளைக்கத்தான் விடுவேன். கண்ணுக்கு அளவும் கைக்குப் பலமும் அதில்தான் வரும். ரிங்கின் முனையை 90 டிகிரியில் விடக்கூடாது, 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும்.

சுமக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கத் தோளில் வையுங்கள், துண்டை மடித்துப் போட்டு. இறக்கும்போது ஒருவர் சத்தம் கொடுக்க, இருவரும் சேர்ந்தே இறக்குங்கள். நம்மூர் ஒடுக்கமான சந்துகளில் கம்பியை மாடிக்கு ஏற்றும் முன் மேலே கரண்டு கம்பி எங்கே போகிறது என்று கட்டாயம் பாருங்கள். பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏற்ற வேண்டாம், மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

ஆனி மழையும் ஐப்பசி மழையும் நமக்கு உண்டு. நனைந்த கம்பி வழுக்கும். குறுக்கிடும் இடம் பார்த்துக் கால் வையுங்கள். நிமிர்ந்து நிற்கும் தூண் கம்பிகளின் முனையில் மூடி போடச் சொல்லுங்கள். துருக்கம்பி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.