வெள்ளிக்கிழமைக் குளியல்: எழுபதுகளின் மெட்ராஸ் முறையை இன்று செய்வது எப்படி

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்த பிறகும் மெட்ராஸ் வீடுகளின் குளியலறை மாடத்தில் குளியல் பொடி டப்பாவும் சீயக்காய்த் தூளும் இருந்தன. வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், மற்ற நாட்களில் முகத்துக்குப் பயத்தமாவு, சாயங்காலம் முகம் கழுவி லேசாகப் பவுடர், பொட்டு. இதை இன்று செய்து பார்ப்பவர்களில் பலர் "முகம் எரிகிறது, கீறுகிறது" என்று இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு சல்லடையில்தான்.

பொடி

பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், பூலாங்கிழங்கு 100, கஸ்தூரி மஞ்சள் 50, காய்ந்த ரோஜா இதழ் 50, ஆவாரம்பூ 50, வெட்டிவேர் 25. மயிலாப்பூரிலோ, பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவிலோ உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். அங்கே கார்போக அரிசி என்ற விதையையும் சேர்த்துக் கட்டித் தருவது வழக்கம். அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலில் பட்ட பின் வெயிலில் போனால் புண்ணாகும், கறுத்துத் திட்டாகும். சென்னை வெயிலில் அந்தச் சோதனை தேவையில்லை.

கஸ்தூரி மஞ்சளை முகர்ந்து வாங்குங்கள். கற்பூர வாசனை தூக்கலாக இருக்க வேண்டும், தூள் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளாக இருந்து கையில் ஒட்டினால் அது சமையல் மஞ்சளோ வேறு கிழங்கோதான்.

பயறையும் பருப்பையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பூக்களை நிழலில் உலர்த்தினால் போதும், வெயிலில் போட்டால் வாசனை போய்விடும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்காவிட்டால் நார் மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொள்ளும். பூலாங்கிழங்கை உரலில் ஒரு தட்டுத் தட்டிய பிறகே மெஷினுக்கு அனுப்ப வேண்டும். மாவு மில்லுக்குப் போனால் ஒரு விஷயத்தைக் கேட்காமல் தட்டைக் கொடுக்காதீர்கள்: முன்னால் என்ன அரைத்தார்கள்? மிளகாய்க்கு அடுத்த ஈடு உங்களுடையது என்றால் அந்த வாரம் முழுக்க முகம் எரியும். அரிசிக்கோ கோதுமைக்கோ பின்னால் போடச் சொல்லுங்கள்.

அரைத்த மாவு சூடாக வரும். செய்தித்தாளில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், பிறகு வண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சலிப்பு. சாதாரண மாவுச் சல்லடையில் சலித்தது உடம்புக்கு. முகத்துக்கு எடுப்பதை மறுபடி பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். சித்த வைத்தியத்தில் இதை வஸ்திரகாயம் என்பார்கள். கிண்ணத்தின் வாயில் துணியைக் கட்டி, மேலே இரண்டு கரண்டி பொடி போட்டு விரலால் வட்டமாகத் தேய்த்தால், முகப்பவுடர் போல நைசாகக் கீழே இறங்கும். துணியில் தங்குகிற குருணைதான் கன்னத்தைக் கீறுவது. அது பாதத்துக்கும் முழங்கைக்கும் ஆகும்.

எண்ணெயும் குளியலும்

நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம். மிளகு பொரிந்ததும் அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டில் தலை, முகம், உடம்பு என்று தேய்க்கவும். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால் பயன் கூடாது, சளிதான் பிடிக்கும் என்பார்கள். முகப்பரு உள்ளவர்கள் முகத்தை விட்டுவிடுங்கள்.

தலைக்குச் சீயக்காயை வடித்த கஞ்சியில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து அலசாவிட்டால் கண்ணில் நெருப்புதான்.

உடம்பில் பலரும் தப்புப் பண்ணுவது இங்கேதான். எண்ணெய்த் தோலில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பொடி போட்டால் அது களியாகி வழுக்கும், எண்ணெய் அப்படியே நிற்கும். முதலில் உலர்ந்த பொடியை ஒரு கைப்பிடி எடுத்துத் தோலில் தூவித் தேய்க்கவும். பொடி எண்ணெயைக் குடித்து உருண்டு உதிரும். பிறகு வெந்நீர், அதன்மேல் இன்னொரு கைப்பிடி பொடி, கடைசியாக அலசல். சோப்பு வேண்டாம். போர் தண்ணீரின் உப்பில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகப் படியும், பொடியில் அந்தத் தொல்லை இல்லை.

மற்ற நாட்களில் முகத்துக்கு ஒரு டீஸ்பூன் நைஸ் பொடி, குழைக்கும் அளவு தண்ணீர். வறண்ட தோலுக்குப் பால், எண்ணெய் வழிகிறவர்களுக்கு மோர். எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிற குறிப்புகளை நம்ப வேண்டாம், அதுவும் வெயிலில் திட்டு போடும். தடவிக் காய்ந்து இறுகும்வரை விடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் ஈரக்கையால் தளர்த்திக் கழுவிவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குப் போக வேண்டும். நிறம் சிவக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அழுக்கும் எண்ணெய்ப் பசையும் போகும், அவ்வளவுதான்.

மஞ்சள் பூசுகிறவர்களுக்குக் குண்டு மஞ்சள், விரலி மஞ்சள் இல்லை. கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இழைத்துப் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவலாம். துண்டில் பட்ட கறைமேல் சோப்பு போட்டால் சிவக்கும், பதறாதீர்கள். வெயிலில் காயப் போட்டால் தானே வெளுத்துவிடும்.

பொட்டு

சாந்துப் பொட்டு வீட்டிலேயே காய்ச்சலாம். பழைய இரும்புச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை மிதமான தீயில் வறுங்கள். பொரிந்து, சிவந்து, பாகாக இளகி, கடைசியில் கறுத்துப் புகையும். புகை கிளம்பியதும் தள்ளி நின்று அரை டம்ளர் தண்ணீர் ஊற்றவும், சடசடவென்று தெறிக்கும். கெட்டியாகக் கொதித்ததும் துணியில் வடிகட்டி, சுத்தமாகச் சுரண்டிய கொட்டாங்கச்சியில் மெல்லிய பூச்சாக ஊற்றி மூன்று நாள் வெயிலில் காய வையுங்கள். தடிமனாக ஊற்றினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். கறுப்பதற்கு முன்பே தண்ணீர் விட்டால் பொட்டு காபி நிறத்தில் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெளுத்த திட்டோ தெரிந்தால், காரணம் அதன் பசையாக இருக்கலாம். அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் சாந்தையும் வைக்காதீர்கள்.