வாசிப்புச் செயலி சொன்ன எண் எந்த வரியுடையது?

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் செல்பேசி பழக வந்த பார்வையில்லாத கல்லூரி மாணவி ஒருத்தி, பருவத் தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது என்று அழுதாள். மதிப்பெண் பட்டியலைப் படம்பிடித்து, அச்செழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் செயலியை வாசிக்கவிட்டிருக்கிறாள். தாளை வாங்கி நானும் கேட்டுப் பார்த்தேன். எல்லாப் பாடத்திலும் அவள் தேறியிருந்தாள். ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்ற தலைப்பு வரிகளையும் பாடமாகக் கருதி எண்ணியதில் மதிப்பெண்கள் இடம் மாறிவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு!

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கேமராவைத் துடைப்பது, விளக்கைப் போடுவது, தாளின் நடுவில் செல்பேசியை வைத்து நேராக மேலே தூக்குவது எல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிட்டு, அதற்குப் பிறகும் தடுமாற வைக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

குரலையும் எழுத்தையும் ஒன்றென நினைப்பது

‘இதற்குத் தமிழ் தெரியவில்லை’ என்று சிலர் செயலியை நீக்கிவிட்டு என்னிடம் வருகிறார்கள். எழுத்தைக் கண்டறிவது ஒரு வேலை, அதைப் பேசுவது வேறு வேலை. தமிழ் எழுத்தைச் செயலி ஒழுங்காக எடுத்திருக்கும். ஆங்கிலக் குரல் அதைப் பேசாமல் தாண்டிப் போயிருக்கும். செல்பேசியின் பேச்சு அமைப்பில் தமிழ்க் குரலை வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் ‘நாம்’ சில நேரம் ‘நரம்’ ஆகும். துணைக்காலும் ரகரமும் அச்சில் அவ்வளவு நெருக்கமானவை. அந்த இடங்களைக் காது விரைவில் பழகிக்கொள்ளும்.

பழைய புத்தகங்கள்

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா வேறு வடிவில் இருக்கும். செயலி அங்கே தடுமாறும். கேட்டதை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள்.

அட்டவணையை எண்ணிப் பொருத்துவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அப்பாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒரு மாலை ஏழு மணிக்கு வந்தது. கண்புரை அறுவைக்குக் காத்திருந்த அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. நான் படம்பிடித்தேன். செயலி அட்டவணையை வரிவரியாகப் படிக்காமல் நெட்டுக்குப் படித்தது. முதலில் பெயர்கள்: சிறுநீரகச் செயல்பாடு, யூரியா, கிரியேட்டினின், யூரிக் அமிலம். பிறகு எண்கள்: 28, 0.9, 6.1. மூன்றாவது பெயர் கிரியேட்டினின், மூன்றாவது எண் 6.1. இவ்வளவுதான் என் கணக்கு. பெரியவர்களுக்குக் கிரியேட்டினின் பொதுவாக 1.3ஐத் தாண்டக் கூடாது. 6.1 என்றால் சிறுநீரகம் பெருமளவு செயலிழந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கார் பிடித்தோம். நாற்பது கிலோமீட்டரும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இரவுப் பணியில் இருந்த மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “கிரியேட்டினின் 0.9 தானே? எதற்காக வந்தீர்கள்?” என்றார். முதல் வரி வெறும் தலைப்பு. அதற்கு எண்ணே கிடையாது. அதையும் சேர்த்து எண்ணியதால் எல்லாம் ஓர் இடம் நகர்ந்துவிட்டது.

கார் வாடகை போனது போகட்டும். அந்த நாற்பது கிலோமீட்டரை அப்பாவுக்கு என்னால் திருப்பித் தர முடியாது. தவறு என் காதுக்கு முன்னாலேயே இருந்தது: பெயர்கள் நான்கு, எண்கள் மூன்று. மூன்றோடு நிறுத்தாமல் நான்காவது எண்ணைத் தேடியிருந்தால் போதும். இந்த முரண் காதில் விழுந்தால் அந்த வாசிப்பை அங்கேயே கைவிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். நடுவில் ஓர் எண் விடுபட்டு, கீழே பக்க எண் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இப்போது நான் செய்வது இது. காசோலையில் கையெழுத்திடப் பார்வையற்ற நாம் வைத்திருக்கும் துளையிட்ட அட்டையைப் போல, தாளின் அகலத்துக்கு ஒரு வரி மட்டும் தெரியும்படி தடித்த அட்டையில் நீளத் துளை வெட்டியிருக்கிறேன். அதை அறிக்கையின் மேல் வைத்து, மெல்லக் கீழே நகர்த்துவேன். மைக்ரோசாஃப்டின் வாசிப்புச் செயலியான சீயிங் ஏஐ 2017இல் ஐபோனிலும் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டிலும் வந்தது. கேமரா முன் எழுத்து தெரிந்தவுடன் வாசிக்கும் முறை அதில் உண்டு. பெயர், எண், அலகு, இயல்பு வரம்பு நான்கும் ஒரே மூச்சில் வரும். ஆய்வகத்திடம் பிடிஎஃப் கேட்டு வாங்குவது இதைவிட நல்லது; எழுத்தாகவே இருக்கும் கோப்பில் கண்டறியும் வேலையே இல்லை. அதிலும் எண்ணை அலகோடும் வரம்போடும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அட்டவணையை அழகாகப் பிரித்துச் சொல்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் படம் மங்கிய இடத்தை அவை ஊகத்தால் நிரப்பிவிடக்கூடும்; ஊகமும் அதே உறுதியான குரலில்தான் வரும். உடம்பு, பணம், வழக்கு தொடர்பான எண் என்றால் இரண்டு செயலிகளில் கேளுங்கள். இரண்டும் வேறுபட்டால் பார்வை உள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை அட்டை

பளபளக்கும் தகட்டில் புள்ளி தொலையும், 2.5 என்பது 25 ஆகும். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும். நாலு மாத்திரை வெட்டி வாங்கினால் அந்த முனை கடையிலேயே தங்கிவிடலாம். முழு அட்டையாக வாங்குங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அதில் உண்டு. முதலில் அதைத் தேடுங்கள்.

ரூபாய் நோட்டு

ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி மதிப்பை மட்டும் சொல்லும். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது.

பஸ்ஸில் வங்கிக் கடிதம்

ஹெட்போன் இல்லையென்றால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.