வயர்லெஸ் காப்புரிமைக்கு பிரையர் ஆர்ட் தேடுவது எப்படி?

'பல டிரான்ஸீவர்களுக்கு இடையே வயர்லெஸ் பேண்ட்வித்தைப் பங்கிடும் முறை' என்ற தலைப்பில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் வெளியாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (டிரான்ஸீவர் என்றால் ரேடியோ அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சாதனம்.) பார்த்த உடனே, "அட, செல்போன் டவர் இத்தனை வருஷமாக இதைத்தானே செய்கிறது?" என்று தோன்றும். எனக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நமக்குத் தோன்றுவதை வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எதுவும் செய்ய முடியாது. அவருக்குத் தேதி போட்ட ஆவணம் வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்த சங்கதி இது என்று காட்டும் அந்த ஆவணத்தைத்தான் பிரையர் ஆர்ட் என்கிறார்கள்.

வக்கீல் படிப்பு இல்லாமலே இதைத் தேடலாம். பொறுமை வேண்டும், ஒரு சாயங்காலம் வேண்டும், ஒரு நோட்டு வேண்டும்.

படி 1: கிளெய்மை உடையுங்கள்

கூகுள் பேட்டண்ட்ஸில் விண்ணப்ப எண்ணைப் போட்டுத் திறங்கள். தலைப்பு, சுருக்கம், படங்கள் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம்களுக்கு, அதாவது விண்ணப்பதாரர் தனக்கென்று உரிமை கேட்கும் வரிகளுக்குப் போங்கள். வேலி அங்கேதான் போட்டிருக்கிறது. தலைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குச் சட்டப்படி மதிப்பு இல்லை.

முதல் கிளெய்மை எடுத்துத் துண்டு துண்டாக நோட்டில் எழுதுங்கள். பழகுவதற்காக நானே ஒன்றைக் கற்பனையாக எழுதுகிறேன்:

அ) ஒரே கருவியில் இரண்டோ அதற்கு மேலோ டிரான்ஸீவர்கள்;
ஆ) ஒவ்வொன்றிலும் எவ்வளவு டிராபிக் (தகவல் போக்குவரத்து) ஓடுகிறது என்று அளக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி;
இ) அந்த அளவைப் பார்த்து, பொதுவான பேண்ட்வித்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல்;
ஈ) டிராபிக் மாறும்போது, இணைப்பு அறுந்துபோகாமல் அந்தப் பங்கை மாற்றுதல்.

இந்த நான்கும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் 'புதுமை இல்லை' என்று அடிக்கலாம். மூன்று ஒன்றிலும் நான்காவது இன்னொன்றிலும் இருந்தால், 'துறை தெரிந்த எவருக்கும் இரண்டையும் சேர்க்கத் தோன்றியிருக்கும்' என்று வாதிட வேண்டும். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, அந்த வாதத்துக்கு முன்பைவிட இடம் கூடியிருக்கிறது.

படி 2: 'பேண்ட்வித்' என்றால் என்ன என்று பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. ரேடியோ ஆட்களுக்கு பேண்ட்வித் என்றால் அலைக்கற்றையின் அகலம், ஹெர்ட்ஸ் கணக்கு. நெட்வொர்க் ஆட்களுக்கு அது ஒரு விநாடிக்கு எத்தனை பிட் என்பது. சில விண்ணப்பங்கள் நேரத் துண்டுகளையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடும். விளக்கப் பகுதியில் அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் தேடிப் படியுங்கள். பரிசோதகர் ஒரு சொல்லை, விளக்கப் பகுதியோடு ஒத்துப்போகிற மிக அகலமான அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்வார். அர்த்தம் அகல அகல, நம் வலையில் மாட்டும் மீன்களும் கூடும். 'டிரான்ஸீவர்' என்ற சொல்லையும் இப்படியே பாருங்கள். ஒரு சிப்பா, ஒரு ரவுட்டருக்குள் இருக்கும் ரேடியோவா, ஒரு முழு பேஸ் ஸ்டேஷனா?

படி 3: தேதியைக் குறியுங்கள்

விண்ணப்பப் பக்கத்தில் மூன்று தேதிகள் இருக்கும்: முன்னுரிமைத் தேதி, தாக்கல் தேதி, வெளியீட்டுத் தேதி. நமக்கு வேண்டியது முதலாவது. அமெரிக்காவில் முதலில் ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யலாம். அப்போது பழைய தேதியையே உரிமை கோரலாம்.

இதில் நான் ஒரு முறை நன்றாகவே ஏமாந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, கிளெய்மோடு வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிற ஒரு கருத்தரங்கக் கட்டுரையைப் பிடித்தேன். தாக்கல் தேதிக்கு நான்கு மாதம் முந்தையது. துள்ளிக் குதித்து நண்பருக்கு அனுப்பினால், அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "முன்னுரிமைத் தேதியைப் பார்த்தியா?" அது பதினொரு மாதம் முன்னால் இருந்தது. கட்டுரை குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து நோட்டின் முதல் வரியிலேயே, சிவப்பு மையில், அந்தத் தேதியைத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று: 2013 மார்ச் 16-க்கு முன் தாக்கலானவற்றுக்கு அமெரிக்காவில் பழைய சட்டம். அதன்படி, நம் ஆவணம் வெளிவருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன் என்று நிரூபித்து விண்ணப்பதாரர் தப்பிக்க வழி உண்டு. நம் ஆவணம் தாக்கலுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் பழையதாக இருந்தால் அந்த வழியும் அடைபடும். அதனால் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.

படி 4: பழைய பெயர்களில் தேடுங்கள்

சுவாரஸ்யமே இங்கேதான். ஒரே யோசனைக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயர். 1970-இல் நார்மன் ஆப்ராம்சன் ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹா அமைப்பைப் பற்றி எழுதினார். பல தீவுகளில் இருந்த டெர்மினல்கள் ஒரே ரேடியோ சேனலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. 1973-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ், செயற்கைக்கோள் கொள்ளளவை முன்பதிவு மூலம் மாறும் தேவைக்கேற்ப ஒதுக்குவது பற்றி ஒரு கட்டுரை படைத்தார். அதன் தலைப்பில் இருப்பது 'கெபாசிட்டி'. 'பேண்ட்வித்' என்று மட்டும் போட்டுத் தேடினால் அது எளிதில் கண்ணில் படாது.

செல்லுலார் ஆட்கள் இதையே 'டைனமிக் சேனல் அசைன்மென்ட்' என்றார்கள். எல்டிஇ (4ஜி) வந்த பிறகு 'ரிசோர்ஸ் அலோகேஷன்', 'ஷெட்யூலிங்' என்றார்கள். தேடல் பெட்டியில் இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, தேதி வடிகட்டியில் முன்னுரிமைத் தேதிக்கு முந்தையவை மட்டும் வருமாறு வையுங்கள்.

சொற்களே பிடிபடவில்லை என்றால் வகைப்பாட்டு எண் கைகொடுக்கும். ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 முதல் சேர்ந்து பயன்படுத்தும் சிபிசி முறையில், எச்04டபிள்யூ 72/04 வயர்லெஸ் வள ஒதுக்கீடு, எச்04டபிள்யூ 28/20 பேண்ட்வித் பேரம், எச்04டபிள்யூ 16/10 வளங்களை மாறும் முறையில் பிரிப்பது. ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டில் இந்த எண்ணைக் கொடுத்தால் மொழித் தடையும் பாதி விலகும். ஜப்பானிய ஆவணங்கள்கூட வந்து விழும்.

பிறகு, நம்மைப் போலவே தேடியவர்களின் தோளில் ஏறுங்கள். கூகுள் பேட்டண்ட்ஸ் பக்கத்தின் அடியில் மேற்கோள் பட்டியல் இருக்கும். நட்சத்திரக் குறி போட்டவை பரிசோதகரே எடுத்தவை. அவற்றை மறுபடி அனுப்பிப் பயனில்லை. ஆனால் அவை மேற்கோள் காட்டும் பழையவற்றைத் திறந்து பாருங்கள். எனக்குக் கிடைத்த நல்ல சரக்கில் பாதி இப்படிப் பின்னோக்கி நடந்ததில் கிடைத்ததுதான்.

படி 5: காப்புரிமைக்கு வெளியே போங்கள்

வயர்லெஸ் துறைக்கு ஒரு வசதி: தரநிலைக் கூட்டங்களில் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துப் பேசுவார்கள். செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் கொடுத்த ஆவணங்கள் அவர்கள் தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. வைஃபை தரத்தை வகுக்கும் ஐ.இ.இ.இ. 802.11 குழுவின் சமர்ப்பிப்புகளும் அப்படியே. கூட்டம் நடந்த நாளை மட்டும் பார்க்காமல், கோப்பு பொதுவில் ஏறிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணையிட்டு வைத்திருந்த ஒரே ஒரு ஆய்வேட்டை வைத்து, 1986-இல் ஒரு அமெரிக்க விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2004-இல் இன்னொரு வழக்கில், ஒரு மாநாட்டில் இரண்டரை நாள் பலகையில் ஒட்டியிருந்த சுவரொட்டியே போதுமானதாக இருந்தது.

படி 6: பொருத்திப் பாருங்கள்

நம் கற்பனைக் கிளெய்முக்கு மூன்று பழைய சங்கதிகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் டெக்ட், 1992-இல் வந்த ஐரோப்பியக் கம்பியில்லாத் தொலைபேசித் தரம். 10 அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் 24 நேரத் துண்டுகள். போக ஒன்று, வர ஒன்று என்று மொத்தம் 120 சேனல்கள். கைபேசி எந்தச் சேனலில் இரைச்சல் குறைவு என்று அளந்து தானே தேர்ந்தெடுக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே, புதிய சேனலைப் பிடித்த பிறகுதான் பழையதை விடும். (சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் இந்தத் தரத்தின் மேல் கட்டியதுதான்.) ஆக, 'ஈ'யில் உள்ள 'அறுந்துபோகாமல்' கிடைத்துவிட்டது. ஆனால் டெக்ட் அளப்பது குறுக்கீட்டை, டிராபிக்கை அல்ல. 'ஆ' இல்லை.

அடுத்து, 1996-இல் கட்ஸேலா, நக்ஷினே இருவரும் எழுதிய சேனல் ஒதுக்கீட்டு ஆய்வுத் தொகுப்பு. எல்லாச் சேனல்களையும் ஒரு பொதுக் குளத்தில் வைத்து, அழைப்பு வர வர செல்களுக்கு (ஒவ்வொரு டவரும் கவனிக்கும் பகுதிகளுக்கு) கொடுப்பதும், தீர்ந்துபோனால் பக்கத்துச் செல்லிடம் கடன் வாங்குவதும் அதில் விரிவாக இருக்கின்றன. 'இ'க்கு அருமை, 'ஆ'வுக்கும் வாதிடலாம். ஆனால் அங்கே டிரான்ஸீவர்கள் வெவ்வேறு டவர்களில் இருக்கின்றன. கிளெய்ம் ஒரே கருவி என்கிறது.

அந்த 'அ'வை ஜிஎஸ்எம் (2ஜி செல்போன்) பேஸ் ஸ்டேஷன் நிரப்பும். ஒரே நிலையத்தில் பல டிரான்ஸீவர்கள், ஒவ்வொன்றும் 200 கிலோஹெர்ட்ஸ் அலையில் எட்டு நேரத் துண்டுகள்.

பக்க எண், பத்தி எண் உட்பட இதை ஒரு அட்டவணையாகப் போடுங்கள். பொருந்தாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். இழுத்துப் பிடித்து நிரப்பினால் பரிசோதகருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

படி 7: அனுப்புங்கள்

அமெரிக்காவில் விண்ணப்பம் வெளியான ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் நிராகரிப்புக்கு முன், இவற்றில் எது பிந்தையதோ அதற்குள் மூன்றாம் தரப்பினர் யாரும் ஆவணம் கொடுக்கலாம். அதற்குள் ஒப்புதல் அறிவிப்பு போய்விட்டால் வாசல் மூடிவிடும். முதல் முறை மூன்று ஆவணம் வரை கட்டணம் இல்லை. இந்தியாவில் இதே விண்ணப்பம் இருந்தால், வெளியான பிறகு, காப்புரிமை வழங்கும் முன், 25(1) பிரிவின்படி யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

ஒவ்வொரு ஆவணத்தோடும் ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். அதில், 'இந்தப் பக்கத்தில் இந்தப் பத்தி, கிளெய்ம் 1-இன் இந்தப் பகுதியைச் சொல்கிறது' என்ற அளவோடு நில்லுங்கள். 'ஆகவே நிராகரியுங்கள்' என்று வாதம் செய்ய அந்தப் படிவத்தில் இடமில்லை. எனக்கு அந்த வரியை நீக்கும்போது ஒவ்வொரு முறையும் கை நடுங்கும்; நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.