மனம் விழுந்திட்டுது எண்டு சொல்ல முதல் வயித்தைப் பாருங்கோ: நீண்ட சைக்கிள் ஓட்டத்தில விடக்கூடாத பிழையள்

வவுனியாவில இருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர் கிட்ட. விடிய வெளிக்கிட்டா ஓமந்தை, புளியங்குளம் வரைக்கும் எல்லாரும் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டுதான் வருவினம், மாங்குளம் தாண்ட கதை குறையும், முறிகண்டி வரேக்க ஒருத்தர் ரெண்டு பேர் தலையைக் குனிஞ்சு ரோட்டை மட்டும் பாத்து உழக்குவினம். அந்த முகத்தைப் பாத்தாலே தெரியும், உள்ளுக்குள்ள ‘ஏன் வந்தன்’ எண்டு ஓடுது எண்டு. நாலு வருசமா பெடியளோட இந்த ரோட்டில போய் வாறன், அந்த நேரத்தில விடுற பிழையள் திரும்பத் திரும்ப ஒண்டாத்தான் இருக்கு.

பெரிய பிழை, பசியை மனப்பலவீனம் எண்டு நினைக்கிறது. தசையிலயும் ஈரலிலயும் உடம்பு சேத்து வச்சிருக்கிற மாச்சத்து, சாப்பிடாம இறுக்கி உழக்கினா ரெண்டு மணித்தியாலம் அளவில நல்லாக் குறைஞ்சிடும். மூளைக்கும் அந்தச் சீனிதான் சாப்பாடு. அது காணாட்டி எரிச்சல் வரும், அழுகை வரும், வீட்டுக் கவலை எல்லாம் ஒண்டா மேல வரும். மரதன் ஓடுறவை 30 கிலோமீற்றர் அளவில சுவரில முட்டினமாதிரி இருக்கு எண்டு சொல்லுறதும் இதைத்தான்.

ஒருக்கா கொக்காவில் தாண்டி ஒரு தம்பி சைக்கிளை மரத்தில சாத்திப்போட்டு “அண்ணை, என்னால ஏலாது, நான் ஒண்டுக்கும் உதவாதவன்” எண்டு குந்திட்டான். நான் புத்தி ஒண்டும் சொல்லேல்ல. பனங்கட்டிக் குட்டான் ஒண்டும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் குடுத்தன். கால் மணித்தியாலம் போயிருக்கும், ஓலையில ஒட்டியிருந்ததையும் சுரண்டித் திண்டிட்டு தானா எழும்பிப் போய் பின் ரயரில காத்து இருக்கோ எண்டு அமத்திப் பாத்தான். அப்பவே எனக்கு விளங்கிட்டுது, பெடியன் வருவான்.

அதால பசிக்க முதலே, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஏதாவது வாயில போடுங்கோ. முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சான் வாங்குறது எங்கட வழக்கம், வாங்குங்கோ, ஆனா கச்சானில கொழுப்புத்தான் கூட, உடன சக்தி வராது. விழுந்த நேரத்துக்கு வாழைப்பழமும் பனங்கட்டியும்தான்.

விடியக் குளிரில உசாராப் பறக்கிறதும் பிழைதான், வெயில் ஏறேக்க அதுக்கு வட்டியோட கட்ட வேணும்.

பேந்து, விழுந்து கிடக்கேக்க முடிவெடுக்கிறது. விடுறதெண்டா விடலாம், அதில வெக்கம் இல்லை. ஆனா சாப்பிட்டு, குடிச்சு, நிழலில கால் மணித்தியாலம் இருந்திட்டுத்தான் அந்தக் கதையை எடுக்கிறது எண்டு வெளிக்கிட முதலே பேசி வச்சுக்கொள்ளுங்கோ. அதேமாதிரி ‘இன்னும் 70 கிலோமீற்றர் கிடக்கே’ எண்டு முழுக் கணக்கையும் தலையில ஏத்தாதேங்கோ. 155ம் கட்டை (மைல்கல்) எண்டு இடத்துக்கே பேர் வச்ச ஊர் எங்கட கிளிநொச்சி, கட்டை கட்டையா எண்ணிப் போனாக் காணும்.

இதை மட்டும் வடிவாக் கேளுங்கோ. தைரியம் எண்டு சொல்லி வெயிலோட விளையாடக்கூடாது. கொளுத்துற வெயிலில குளிருது எண்டு சொன்னா, தலை சுத்தினா, சத்தி எடுத்தா, கேட்ட கேள்விக்கு மாறிப் பதில் சொன்னா, அது மனம் விழுறது இல்லை, உடம்பு சூட்டைத் தாங்கேல்ல. உடன நிப்பாட்டி நிழலில கிடத்தி உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறுங்கோ, கதை தடுமாறினா 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசமா வரும். வெறும் தண்ணியை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடிச்சாலும் ரத்தத்தில உப்பு ஐதாகி தலையிடியும் சத்தியும் தடுமாற்றமும் வரும், அதால அளவாக் குடியுங்கோ, உப்பும் வேணும்.

கடைசியா, கதையை நிப்பாட்டினவரை விட்டிட்டு முன்னுக்குப் போறது. எனக்கு இதுதான் மனசுக்குக் கஷ்டமான பிழை. ஆனையிறவில நிழலே இல்லை, ரெண்டு பக்கமும் வெட்டை, சோழகக் காத்து வேற வந்து தள்ளும், அங்க தனிய விடுபட்ட ஆள் தன்னோடயே கதைச்சுக் கதைச்சு உடைஞ்சு போவார். பின்னுக்கு வாறவரின்ர வேகத்துக்கு எல்லாரும் இறங்குங்கோ. ஒராள் பக்கத்தில போனாக் காணும், பெரிசா ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, “பரந்தன் தாண்டிட்டம் தம்பி, இயக்கச்சியில பிளேன்டீ குடிப்பம்” எண்டு சொன்னாலே காணும்.