லோட் ஷெடிங் பழக்கம் லேப்டாப் பேட்டரிக்கு ஆகாது

தென்னாப்பிரிக்காவில் லேப்டாப் வைத்திருக்கும் பெரும்பாலானோரிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கரண்ட் இருக்கும்போதே நூறு சதவீதம் ஏற்றி, பிளக்கைக் கழற்றாமலே வைத்துக்கொள்வது. 2022, 2023-இல் அரசு மின் நிறுவனமான எஸ்கொம், லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் கடுமையான ஸ்டேஜ் 6 அறிவித்த நாட்களில் வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், சில பகுதிகளில் நான்கு மணி நேரம் என்று ஒரே நாளில் பல தடவை இருட்டானது. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து சென்னை டீமோடு கால் பேசுகிறவர், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவர், பிள்ளையின் அசைன்மெண்டை ராத்திரிக்குள் அனுப்பியாக வேண்டிய அம்மா, எல்லோரும் லேப்டாப்பைச் சுவரோடு கட்டிப்போட்டார்கள். அன்றைக்கு அது சரியான முடிவுதான்.

பிறகு 2024 மார்ச் கடைசியில் தொடங்கி பத்து மாதத்துக்கு லோட் ஷெடிங்கே இல்லை. 2025-இன் முதல் பாதியில் சில நாட்கள் மறுபடி தலைகாட்டியது. இப்போது கரண்ட் போனால் பெரும்பாலும் கேபிள் திருட்டோ, பக்கத்து சப்ஸ்டேஷன் கோளாறோதான் காரணம். வெட்டு குறைந்துவிட்டது, பழக்கம் குறையவில்லை. அந்தப் பழக்கம்தான் இன்று பேட்டரிகளை அல்பாயுசில் கொண்டுபோகிறது.

நூறிலேயே நிறுத்தி வைப்பது

"ராத்திரி முழுக்க மாட்டி வைத்தால் ஓவர் சார்ஜ் ஆகிவிடுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. நூறைத் தொட்டதும் லேப்டாப்புக்குள் இருக்கும் சர்க்யூட் தானே சார்ஜை நிறுத்திவிடும். கெடுதல் வருவது வேறு இடத்திலிருந்து.

உள்ளே இருப்பது லித்தியம் அயான் செல். முழுதாக ஏறிய செல் பொதுவாக 4.2 வோல்ட்டில் நிற்கும், சில புதிய செல்கள் அதற்கும் கொஞ்சம் மேலே. அந்த உயர்ந்த வோல்ட்டேஜில் நாள் கணக்கில் இருந்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் மெதுவாகச் சிதையும். கிராஃபைட் மின்முனை மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே வரும். அந்தப் படலத்தில் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. பேட்டரி "முன்ன மாதிரி நிக்கல" என்று நாம் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். இதோடு சூடும் சேர்ந்தால் எல்லாமே வேகமாக நடக்கும். பிளக்கில் மாட்டியபடி வேலை செய்யும் லேப்டாப்பில் பேட்டரி நிறைந்தும் இருக்கும், பக்கத்திலேயே பிராசஸர் சூடும் இருக்கும். பேட்டரிக்கு இதைவிட மோசமான கூட்டு கிடையாது.

தீர்வு சுலபம், காசும் செலவில்லை. சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது. லெனோவாவில் வான்டேஜ் என்ற ஆப்பில் கன்சர்வேஷன் மோட் அல்லது சார்ஜ் த்ரெஷோல்ட், ஆசுஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் என்று இருக்கும். டெல், ஹெச்பி இரண்டிலும் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) பேட்டரிப் பகுதியைப் பாருங்கள். மேக்கில் ஆப்டிமைஸ்ட் சார்ஜிங்கை அணைக்காமல் விட்டாலே போதும். அடுத்த நாள் கரண்ட் போகும் என்று எஸ்கொம்-சே-புஷ் ஆப் சொன்னால், அன்று மட்டும் வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப 80. தேவைப்படும் நாளில் நூறு வரை ஏற்றுவதில் ஒரு தப்பும் இல்லை. மாதக்கணக்கில் நூறிலேயே வைப்பதுதான் தப்பு.

டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் அலுவலகம். அர்ச்சனைப் பதிவு, காவடி நேரத்தில் பெயர் எழுதுவது, நன்கொடை ரசீது எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான். ஜன்னலோரம் இரும்பு மேசை மேல், வருஷம் முழுக்க பிளக்கில். கமிட்டி அண்ணன் ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, டச்பேட் அமுங்கவே மாட்டேங்குது, மாத்தணுமா பாரு" என்றார். டச்பேடின் ஒரு ஓரம் லேசாக எழும்பியிருந்தது, மூடி முழுதாகச் சேரவில்லை. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினால் வெள்ளி நிற உறைக்குள் மூன்று செல்கள். இரண்டு தட்டையாகத்தான் இருந்தன. நடுவில் இருந்தது பூரி மாதிரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

இப்படி ஒன்றைப் பார்த்தால் தயவுசெய்து அதை அழுத்தவோ, "காற்றை எடுத்துவிடலாம்" என்று குத்தவோ கூடாது. உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டி நசுக்கும்போது தீப்பிடிக்கும். கடைகளில் வைத்திருக்கும் பழைய பேட்டரிப் பெட்டியிலும் போட வேண்டாம், அது நல்ல நிலையில் இருக்கும் பேட்டரிகளுக்கு. மின்கழிவு எடுக்கும் இடத்துக்குப் போன் செய்து, உப்பியது என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள்.

சூடு

சூட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிக்னலில் கண்ணாடியை உடைத்துப் பையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் லேப்டாப்பை எல்லோரும் கார் டிக்கியில் வைக்கிறோம். பயணத்தின்போது அது சரிதான். ஆனால் ஜனவரி வெயிலில் காரை நிறுத்திவிட்டு, கடை, கோயில், அத்தை வீடு என்று சுற்றி முடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கிறது. சுற்றுப்புறம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வெயிலில் நிற்கும் கார் அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும். இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் நிழலில் நிறுத்துங்கள்.

மெத்தை மேலும் போர்வை மேலும் வைத்து வேலை செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காற்று போகும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கின்றன, அடைத்தால் சூடாகும்.

அதிகம் பேர் கவனிக்காதது பைக்குள் வரும் சூடு. மூடியை மூடினாலே தூங்கிவிடும் என்று நினைக்கிறோம். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பல அரைத் தூக்கம்தான் போடும். பைக்குள்ளேயே எழுந்து அப்டேட் இறக்கும், மெயில் பார்க்கும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் இறங்கியதும் பையைத் திறந்தால் கை சுடும், பேட்டரியும் பாதி காலி. பயணம் என்றால் ஷட் டவுன் செய்யுங்கள், இல்லையேல் ஹைபர்னேட், அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும் தூக்கம்.

காலியாக்கி வைப்பது

"மாதம் ஒரு தடவை பூஜ்யம் வரை இறக்கி ஏற்றினால் நல்லது" என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்ன புத்திமதி. லித்தியத்துக்கு அது தேவையில்லை, அடிக்கடி அடிமட்டம் வரை இறக்குவது தேய்மானத்தைக் கூட்டும். 30 சதவீதம் திடீரென்று 8 ஆகக் குதிக்கிறது என்பது போல மீட்டர் தப்பாகக் காட்டினால் மட்டும் ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள்.

காலியான பேட்டரியை அப்படியே போட்டுவைப்பது இதைவிடப் பெரிய தவறு. இங்கே டிசம்பர் நடுவில் மூடும் அலுவலகம் ஜனவரியில்தான் திறக்கும். ஏழு சதவீதத்தில் அலமாரிக்குள் போன லேப்டாப் அந்த வாரங்களில் தானாகவே இறங்கி, செல்லின் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போய்விடலாம். அப்புறம் சார்ஜரை மாட்டினாலும் ஏற்க மறுக்கும். நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இந்தியாவுக்கு மாதக்கணக்கில் போகிறவர்கள், தமிழ் வகுப்புக்கென்று லேப்டாப் வைத்து விடுமுறையில் பூட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சார்ஜர், பவர் பேங்க்

கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. வரும் நொடியில் வோல்ட்டேஜ் துள்ளும், முதல் அடி அடாப்டருக்கு. சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் வாங்கி மாட்டுங்கள். அது இல்லையென்றால் கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடம் ஆன பிறகு மாட்டுங்கள். மலிவு விலை இன்வெர்ட்டரில் அடாப்டர் ரீங்கரித்தாலோ வழக்கத்தைவிடச் சூடானாலோ, அதில் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

வாட் குறைந்த சார்ஜரும் பிரச்சினைதான். 65 வாட் கேட்கும் லேப்டாப்பை 20 வாட் போன் சார்ஜரில் மாட்டினால், பிளக்கில் இருந்தபடியே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். பவர் பேங்க் வாங்கும்போதும் வாட்டைப் பாருங்கள். 20,000 எம்ஏஹெச் என்று போட்டிருப்பது கொள்ளளவு, கிட்டத்தட்ட 74 வாட் அவர். வோல்ட்டேஜை மாற்றுவதில் கொஞ்சம் வீணாகும், மிச்சம் சாதாரண லேப்டாப்புக்கு ஏறக்குறைய ஒரு முழு சார்ஜ். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட் அவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவைப்படாது.

வெட்டு நேரத்தில் இருக்கும் சார்ஜை இழுத்துப் பிடிக்க முதலில் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பெரிய மிச்சம் அதில்தான். அடுத்து, சும்மா திறந்து கிடக்கும் டேப்களையும் மாட்டியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துவிடுங்கள். டார்க் மோட் ஓலெட் திரைக்குத்தான் உதவும், சாதாரண எல்சிடிக்கு வித்தியாசம் பெரிதாக இருக்காது.

மாற்றும் முன்

பேட்டரி போய்விட்டதா என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாக ஓடும், குறை வேறெங்கோ இருக்கிறது. பாதிக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம்.

வாங்கும்போது மாடல் எண் மட்டும் பொருந்தினால் போதாது. உறையில் அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். விற்காமல் அலமாரியில் கிடந்த பேட்டரிக்கும் வயது ஏறும். ஒரிஜினல் விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். பாதுகாப்பு சர்க்யூட்டில்தான் அந்தக் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள். புதியதை மாட்டியதும் "எட்டு மணி நேரம் ஏற்று" என்று கடையில் சொன்னால் அதைச் செய்யத் தேவையில்லை. வழக்கம்போல ஏற்றிக்கொண்டு, 80 வரம்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.